பிடாடரியில் ஏறிய பெண் எங்கே போகச் சொன்னாள்?

கேள்வி இதுதான்: "என் தாத்தா 1970களில் சிங்கப்பூரில் இரவு டாக்சி ஓட்டியவர். அப்பர் சிராங்கூன் சாலையில், பிடாடரிக் கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக வெள்ளை உடையில் நின்றிருந்த ஒரு பெண்ணைத் தம் கூட்டாளி ஒருவர் ஏற்றிக்கொண்டதாகவும், சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது பின்னிருக்கை காலியாக இருந்ததாகவும் அடிக்கடி சொல்வார். இதே கதை அமெரிக்காவிலும் வழங்குவதாக அண்மையில் படித்தேன். அப்படியானால் தாத்தா சொன்னது இரவல் கதையா? நம் தமிழர்களிடம் இப்படி ஒன்று உண்டா?"

இரவல் என்று சொல்லிவிட முடியாது. முழுக்கச் சொந்தச் சரக்கு என்றும் சாதிக்க முடியாது. ஊர்ப்பிடாரியை ஒண்ட வந்த பிடாரி விரட்டிய கதையை நாம் எல்லாரும் அறிவோம். இங்கே நடந்தது வேறு. மலாய்ப் பிடாரி, சீனப் பிடாரி, தமிழ்ப் பிடாரி என்று மூவரும் ஒருவரை ஒருவர் விரட்டாமல் ஒரே டாக்சியின் பின்னிருக்கையில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். உங்கள் தாத்தாவின் கதையில் எந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதை ஓரளவு பிரித்துக் காட்ட முடியும். ஆனால் எல்லா நூல்களையும் பிரித்த பிறகும் அந்தக் கதையில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும்: அவள் எங்கே போகச் சொன்னாள்? என் கணிப்பில் இந்தக் கதையின் உயிர் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். பிடாடரி என்ற பெயர் மலாய் மொழியில் தேவகன்னியைக் குறிக்கும். அது 'வித்தியாதரி' என்ற வடசொல்லின் மலாய் வடிவம். நம் காப்பியங்களில் வானில் உலவும் விஞ்சையர் என்று வருகிறார்களே, அவர்களுடைய இனத்துப் பெண். ஜோகூர் சுல்தான் அபு பக்காரின் துணைவியார் வாழ்ந்த மாளிகைக்கு அந்தப் பெயர் இருந்தது. பின்னர் அந்த நிலம் கல்லறைத் தோட்டமானபோதும் பெயர் நிலைத்துவிட்டது. 1908இல் கிறிஸ்தவர்களுக்கும் 1910இல் முஸ்லிம்களுக்கும் அங்கே அடக்கம் தொடங்கியது. இந்துக்களுக்கும் சிங்களவர்களுக்கும் தனிப் பகுதிகள் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1972இல் அடக்கங்கள் நிறுத்தப்பட்டன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1962இல், பக்கத்து மவுண்ட் வெர்னனில் தகனச்சாலை திறக்கப்பட்டிருந்தது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேரின் கடைசிப் பயணம் அந்தச் சாலை வழியாகத்தான் போனது. ஆகவே சிராங்கூன் சாலையில் இரவு வண்டி ஓட்டிய ஒரு தமிழருக்குப் பிடாடரி என்பது வேற்றினத்தாருடைய பேய் குடியிருக்கும் இடமாகத் தோன்றியிருக்காது. அவருடைய சொந்தக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

கதை சொல்லப்படும் விதத்தில் ஒரு பொது அமைப்பு உண்டு. நேரம் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். பெண் தனியாக நிற்பாள். நீளக் கூந்தல், வெள்ளை உடை, சில வடிவங்களில் கையில் குழந்தை. அதிகம் பேசமாட்டாள். வண்டிக்குள் பூ மணம் பரவும். வழியில் எங்கோ பின்கண்ணாடியில் ஆள் தெரியாமல் போவாள், அல்லது சொன்ன இடத்தில் ஒழுங்காக இறங்கிப் பணம் கொடுத்துவிட்டுப் போவாள். ஓட்டுநர் விடிந்ததும் கணக்குப் பார்க்கும்போது சட்டைப் பையில் சீனர்கள் இறந்தோருக்காக எரிக்கும் காகிதப் பணம் இருக்கும். உங்கள் தாத்தா சொன்னது முதல் முடிவு. இரண்டாவது முடிவைச் சீன ஓட்டுநர்களிடம்தான் நான் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். பின்னாளில் அதை நம்மவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காகிதப் பணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடி வீடுகளின் கீழே தகரத் தொட்டிகளில் கட்டுக்கட்டாக எரியும் அந்த நோட்டுகளைப் பார்க்காத சிங்கப்பூரர் இருக்க முடியாது. எரித்தால் அது மேலுலகில் செல்லுபடியாகும் பணமாகிறது என்பது நம்பிக்கை. அப்படியானால் அந்தப் பெண் ஓட்டுநரை ஏமாற்றவில்லை. தன்னிடம் இருந்த ஒரே நாணயத்தில் நேர்மையாகக் கூலி கொடுத்தாள். சீனக் கதை மரபில் இந்த எண்ணத்துக்கு ஆழமான வேர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு கதைத்திரட்டில், கருவுற்ற நிலையில் இறந்து புதைக்கப்பட்ட ஒரு பெண் நாள்தோறும் கடைக்கு வந்து குழந்தைக்குத் தின்பண்டம் வாங்கிப் போகிறாள். ஐயம் கொண்டவர்கள் அவளுடைய ஆடையில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் பின்தொடர்ந்து போனால் நூல் கல்லறையில் போய் முடிகிறது. உள்ளே குழந்தை உயிரோடு இருக்கிறது. இந்தக் கதையின் வெவ்வேறு வடிவங்களில் அவள் கொடுத்த காசு பிறகு காகிதமாகவோ சாம்பலாகவோ மாறிவிடும். டாக்சிக் கதையில் வரும் பெண்ணின் கையில் சில சமயம் குழந்தை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பூ மணம் மலாய்க்காரர்களுடைய பங்கு. பொந்தியானாக் எனப்படும் பேய், பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. அவள் வருவதற்கு முன் கெம்போஜா எனப்படும் ஈழத்தலரிப் பூவின் மணம் வரும். நெருங்கிவிட்டால் அது பிணவாடையாக மாறும் என்பார்கள். 1957இல் கேத்தே கிரிஸ் நிறுவனம் அவளைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்த மலாய்ப் படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். இன்று நம் மனத்தில் உறைந்துபோன அந்த நீளக் கூந்தல் உருவத்தைத் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் பொதுவாக்கியதில் அந்தப் படத்துக்கும் அதைத் தொடர்ந்து வந்த படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

மணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முழுக்கக் கற்பனை இல்லை. கெம்போஜா இங்குள்ள பழைய கல்லறைத் தோட்டங்களில் வழக்கமாக நடப்பட்ட மரம். அதன் மணம் இரவில்தான் மிகுதியாக வீசும், ஏனென்றால் அது அழைப்பது இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூவில் தேன் கிடையாது. மணத்தை நம்பி வரும் பூச்சி ஒன்றும் கிடைக்காமல் பூவுக்குப் பூ அலைந்து, அந்த அலைச்சலில் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு டாக்சி ஓட்டிய காலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் கடந்த ஒவ்வோர் ஓட்டுநரும் அந்த மணத்தை உண்மையாகவே முகர்ந்திருப்பார். இன்னொரு வேடிக்கை, அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள அமெரிக்க வெப்பமண்டலமும். ஐரோப்பியர் வழியாக ஆசியாவுக்கு வந்த மரம், இன்று மலாய்ப் பேயின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இரவல் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். வழியில் நிற்கும் மாயப் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடந்து போகும்போது, நீர் பருகுவதற்காகக் கோவலன் வழியைவிட்டு விலகி ஒரு பொய்கைக் கரையில் நிற்கிறான். அங்கே கானுறை தெய்வம் ஒன்று மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் வந்து அழுகிறது; தன்னை மாதவி கைவிட்டாள் என்று கதை கட்டுகிறது. கோவலன் ஐயுற்று மந்திரத்தைச் சொன்னதும், தான் வனசாரிணி என்று ஒப்புக்கொண்டு மறைந்துபோகிறது. வழிப்போக்கன், தனியிடம், அறிந்த முகம், பேச்சு, பிறகு மறைதல்: டாக்சிக் கதைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் காடுகாண் காதையிலேயே இருக்கின்றன. டாக்சி மட்டும்தான் இல்லை.

அடுத்தவள் பழையனூர் நீலி. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியில் வணிகனாகக் கண்டு வழியில் தொடர்கிறாள். கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்துகொண்டு, ஊரார் முன்னிலையில் அவனுடைய மனைவி நானே என்று அழுகிறாள். அவளை நம்பி அவனுக்கு ஒன்றும் நேராது என்று பிணை நின்ற எழுபது வேளாளரும், அவன் கொல்லப்பட்டதும் வாக்குக் காக்கத் தீப்பாய்ந்தார்கள் என்பது திருவாலங்காட்டு வழக்கு. சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்தில் 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும்' என்று வரும் இடத்தை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே படிக்கிறோம். போலி அழுகைக்கு நாம் இன்றும் 'நீலிக்கண்ணீர்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

இவ்விரண்டும் ஏட்டில் உள்ளவை. தோட்டங்களிலும் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களிலும் வாய்வழியாகப் புழங்கியது சுண்ணாம்புக் கதைதான். இரவில் மாட்டுவண்டி ஓட்டிப் போகிறவனை வழிமறித்து, தலைநிறைய மல்லிகையோடு ஒருத்தி "கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தா குடுங்க" என்று கேட்பாள். விவரம் தெரிந்தவன் கையால் கொடுக்கமாட்டான். கத்தி முனையிலோ பாக்குவெட்டி முனையிலோ தொட்டு நீட்டுவான், இரும்புக்கு அவள் அஞ்சி விலகிப் போவாள். தெரியாதவன் விரலால் நீட்டினால் விரலோடு ஆளும் போனது. தாம்பூலம் மாற்றுவது நம்மிடையே உறவு உறுதியாவதன் அடையாளம் என்பதை நினைத்தால், முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கையால் சுண்ணாம்பு கொடுப்பது ஏன் ஆபத்தாகக் கருதப்பட்டது என்பது புரியும். என் பாட்டி இதைச் சொல்லும்போது பாக்குவெட்டியைக் கையில் எடுத்துக் காட்டித்தான் சொல்வார். பாக்குவெட்டி இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் கூர்மை இனிப் புரியப்போவதில்லை.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வனசாரிணி வழிப்போக்கனை மயக்கித் தடம் மாற்ற வந்தவள். நீலி பழிதீர்க்க வந்தவள். சுண்ணாம்பு கேட்டவளுக்கு ஆளே வேண்டும். மூவரும் ஆணை அவன் போகும் வழியிலிருந்து விலக்குகிறார்கள். பிடாடரியில் ஏறியவளோ ஓட்டுநரிடம் எதையும் பறிக்கவில்லை. ஓர் இடத்தைச் சொல்லி அங்கே கொண்டுபோய் விடச் சொல்கிறாள், கையில் இருப்பதைக் கூலியாகவும் கொடுக்கிறாள். அங்கே கேட்பவளாக இருந்தவள் இங்கே கொடுப்பவளாகிவிட்டாள். பழைய கதையைக் கேட்ட ஆண்பிள்ளை எச்சரிக்கை அடைந்தான். இந்தக் கதையைக் கேட்டால் பயத்தோடு ஓர் இரக்கமும் வருகிறது. நம் பழைய கதைகளுக்கும் தாத்தாவின் கதைக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று கருதுகிறேன். ஆடையும் மணமும் ஒத்துப்போவதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஆனால் இரக்கம் நமக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள்; இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்து, ஏறக்குறைய தோள் உயரத்தில் அமைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இன்னொருவர் துணையில்லாமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ள அது உதவும். அதைப் பெரும்பாலும் யார் நினைவாக வைத்தார்கள் தெரியுமா? வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக. வழியே போகிறவர் தம் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் சிறிது குறைகிறது என்பது நம்பிக்கை.

பிரசவத்தில் இறந்தவளைப் பொந்தியானாக் என்று அஞ்சிய மலாய் வழக்கில், அவளுடைய பிடரியில் ஆணி அடித்தால் அவள் அழகிய பெண்ணாக மாறி அடங்கி வாழ்வாள் என்பார்கள். நம்மிடமும் ஆணி உண்டு. பேயோட்டும்போது பிடிக்கப்பட்டவரின் ஒரு கொத்து முடியை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். ஆனால் ஆணியோடு கூடவே இந்தக் கல்லும் நம்மிடம் இருந்தது. சாலை, வழிப்போக்கர், கருவோடு இறந்த பெண் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, பயத்துக்குப் பதிலாக ஓர் உதவியை அங்கே நட்டு வைத்த ஏற்பாடு அது. சிங்கப்பூரில் தலைச்சுமைக்காரர்கள் இருந்தார்கள், பிரசவத்தில் இறந்த பெண்களும் இருந்தார்கள். கல்லை நட்டு வைக்கச் சொந்த ஊர்ச் சாலைதான் இல்லை. டாக்சிக் கதையில் ஓட்டுநர் அவளை ஏற்றிக்கொள்கிறார் அல்லவா, அந்தப் பின்னிருக்கையைத்தான் நான் அந்தக் கல்லின் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே. ஓட்டுநர் எவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்கக் கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹேங்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1942, 1943ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இதன் 79 வடிவங்களைத் திரட்டி நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் பயணி சொன்ன முகவரிக்குப் போய் விசாரித்தால், இறந்து பல ஆண்டுகளான மகளின் படத்தைத் தாய் காட்டுவாள். இன்னொன்றில் நடன அரங்கில் சந்தித்த பெண்ணுக்குக் கொடுத்த மேலங்கி கல்லறைமேல் கிடக்கும். சிகாகோவின் ஆர்ச்சர் அவென்யூவில் 'ரெசரெக்‌ஷன் மேரி' என்று சொல்லப்படுபவளும் நடன அரங்கோடும் கல்லறைத் தோட்டத்தோடும் தொடர்புடையவள்தான். ஹவாயில் அவள் எரிமலைத் தெய்வம் பெலே. கார் வருவதற்கு முன்பே குதிரை வண்டிகளில் இதே கதை ஓடியிருக்கிறது. எங்கெல்லாம் ஒருவர் முன்னே பார்த்து வண்டி ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்கிறாரோ அங்கெல்லாம் இது தானாகவே முளைக்கக்கூடிய கதை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கடன் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

சிங்கப்பூரில் இது வளர்ந்ததற்கு டாக்சித் தொழிலின் அமைப்பும் ஒரு காரணம். இங்கே ஒரு டாக்சியை இருவர் பகிர்ந்து ஓட்டுவது நெடுங்காலப் பழக்கம். நிறுவனத்திடமிருந்து வண்டியை வாடகைக்கு எடுத்தவர் ஒருவர். அவருக்கு மாற்றாக ஓட்டும் 'ரிலீஃப் டிரைவர்' இன்னொருவர். பகல் ஆள் இறங்க இரவு ஆள் ஏறுவார். சாவி கைமாறும் அந்தக் காப்பிக்கடை மேசைதான் இந்தக் கதைகளின் பள்ளிக்கூடம். அங்கே தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே மேசையில், பெரும்பாலும் சந்தை மலாயில், பேசிக்கொண்டார்கள். காகிதப் பணமும் கெம்போஜா மணமும் ஒரே கதைக்குள் வந்து விழுந்தது அப்படித்தான். எந்த இடத்தில் எந்நேரம் ஆள் ஏற்றக் கூடாது என்ற தொழில் எச்சரிக்கையும் கதையின் வடிவில் கைமாறியது. கதை நடந்தது யாருக்கு என்று கேட்டால் எப்போதும் "நம்ம கூட்டாளி ஒருத்தருக்கு". சொல்பவருக்கு ஒருபோதும் நடந்திருக்காது. உங்கள் தாத்தாவும் கூட்டாளியைத்தான் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

கூலிக் கணக்கும் இதில் உண்டு. நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை மீட்டரில் 50 விழுக்காடு கூடுதல் என்பதால், நாள் முழுதும் கிடைக்காத வருமானத்தை அந்த ஆறு மணி நேரத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். உடலோ இரண்டு மணிக்கு மேல் தூக்கத்துக்குக் கெஞ்சும். கண் திறந்தபடியே சில நொடிகள் மூளை உறங்கிவிடும் குறுந்தூக்கம் நீண்ட நேரம் வண்டி ஓட்டுபவர்கள் அறிந்த ஒன்று. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட அந்த நொடிகளில் இல்லாத உருவம் தெரிவதும், யாரோ அருகில் இருப்பதாக உணர்வதும் மருத்துவர்கள் நன்கு விவரித்துள்ளவை. இதோடு, சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் பணம் தராமல் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடும் சாதாரண மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஓடியிருக்கிறது, ஆள் இல்லை, பணமும் இல்லை. காலையில் கூட்டாளிக்குச் சொல்ல ஏதாவது ஒரு விளக்கம் வேண்டும். பேய் என்பது மானம் போகாத விளக்கம்.

இப்படிச் சொன்னதும் கதை முடிந்துவிட்டது என்று சிலர் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த நொடியில் ஏதோ ஓர் உருவம் தெரிந்தது ஏன் என்பதற்குக் களைப்பு விளக்கம் தரலாம். அந்த உருவம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏன் கேட்டது என்பதற்கு அது பதில் சொல்லாது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானின் இஷினோமாக்கி நகரத்தில் டாக்சி ஓட்டுநர்களைச் சந்தித்த ஒரு பல்கலைக்கழக மாணவி, அவர்களில் சிலர் இதேபோன்ற பயணிகளைப் பற்றிச் சொன்னதைப் பதிவு செய்தார். 2016இல் அது உலகச் செய்தியானது. கோடையில் கனத்த மேலங்கி அணிந்து ஏறிய பெண் ஒருத்தி, பேரலை துடைத்துப்போட்ட மினாமிஹாமா பகுதிக்குப் போகச் சொல்ல, அங்கே இப்போது எதுவுமே இல்லையே என்று ஓட்டுநர் சொன்னதும், "நான் இறந்துவிட்டேனா?" என்று கேட்டாளாம், அவர் திரும்பிப் பார்த்தபோது இருக்கையில் யாரும் இல்லை. மீட்டர் ஓடியிருந்ததால் கட்டணத்தைத் தங்கள் பையிலிருந்தே கட்டிய ஓட்டுநர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு அந்தப் பயணிகள்மேல் பயம் இருக்கவில்லை. மறுபடியும் வந்தால் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள்.

சிங்கப்பூரில் பேரலை வரவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக் காலத்தில் வீடும் கல்லறையும் இரண்டுமே இடம் மாறின. கம்பங்கள் இடிக்கப்பட்டு மக்கள் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பீஷானில் ரயில் நிலையமும் நகரமும் எழுந்த இடம் பெக் சான் தெங் என்ற சீனக் கல்லறை நிலம். 1987இல் அந்த நிலையம் திறந்த பிறகு, டாக்சிப் பெண்ணின் தங்கைகள் கடைசி ரயிலில் ஏறத் தொடங்கினார்கள். 1922இல் திறந்து 1973இல் மூடப்பட்ட புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தின் ஊடாக இன்று நெடுஞ்சாலை ஓடுகிறது. பிடாடரியில் 2001 முதல் 2006 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. வடகிழக்கு ரயில் பாதை 2003இல் ஓடத் தொடங்கியபோதும், சுற்றிலும் குடியிருப்பு இல்லாததால் அங்கிருந்த உட்லி நிலையம் 2011 வரை திறக்கப்படாமலே கிடந்தது. கதவடைத்த அந்த நிலையத்தைப் பற்றி எத்தனை கதைகள் கிளம்பின என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. இப்போது அங்கே புதிய வீவக வீடுகள் நிற்கின்றன. சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் புதிதாக அடக்கம் செய்யப்படுபவர்களுக்கும் 1998ஆம் ஆண்டு விதிப்படி 15 ஆண்டுகள்தான் இடம்.

அமெரிக்க வடிவத்தில் கதை கல்லறையில் போய் முடியும்; பெயர் பொறித்த கல்லைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு உண்மை விளங்கும். இங்கே அந்த முடிவு நடைமுறைக்கு ஒத்துவராது, கல்லே இருக்காது. முகவரிக்குப் போய் விசாரிக்கலாம் என்றால் அந்த வீடும் இருக்காது. இந்த ஊர்க் கதையில் பெண் பாதி வழியில் மறைந்துவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசிச் செயலி வழியாக அழைக்கும் வண்டியில் பெயரும் எண்ணும் இல்லாமல் யாரும் ஏற முடியாது என்பதால், இளைய ஓட்டுநர்கள் சொல்லும் வடிவத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருந்து அழைப்பு வருகிறது. போனால் ஆள் இல்லை. அந்த வடிவம் எனக்குச் சப்பென்று இருக்கிறது. பின்னிருக்கை இல்லாத கதையில் பயம் இருக்கலாம், துணை இல்லை.

உங்கள் தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால், அவரிடம் பேயைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தப் பெண் எந்த இடத்தைச் சொன்னாள் என்று கேளுங்கள். என் தாய்மாமா ஒருவரும் அக்காலத்தில் இரவு டாக்சி ஓட்டியவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் சொன்ன கதையில், பிடாடரி வாசலில் ஏறியவள் பொத்தோங் பாசிரில் காய்கறித் தோட்டத்தின் பின்னால் குளத்தங்கரை வீட்டுக்குப் போகச் சொன்னாள். 1980களின் பின்பாதியில், தோட்டங்கள் போய் அங்கே அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, என் தங்கையின் பிள்ளைகளுக்கு மாமா அதே கதையைச் சொன்னபோது அந்தப் பெண் ஒரு புளோக் எண்ணைச் சொல்லி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். நான் இடைமறித்து, "முன்னே குளத்தங்கரை வீடு என்றுதானே சொன்னீர்கள், மாமா?" என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்கவில்லை.

"அந்த வீட்டத்தான் இடிச்சிட்டாங்களேப்பா. அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போவா?"